வெட்சூட் வாங்கப் போகிறேன்: 5 மிமீ போட்டும் ஏன் குளிர்கிறது?

ஈரக்கால் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை 41 ஸ்கூபா டைவ் முடித்திருக்கிறேன். பாதிக்கு மேல் புதுச்சேரி, மீதி அந்தமானும் கர்நாடகத்தின் நேத்ராணித் தீவும். எல்லாமே வாடகை வெட்சூட்தான், டைவ் போகும்போது போடும் அந்த ரப்பர் உடை. ஆகஸ்ட் கடைசியில் பாலிக்குப் போகிறோம். பக்கத்துத் தீவான நூசா பெனிடாவில் மோலா மோலா என்ற ராட்சதச் சூரியமீனைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் பல வருட ஆசை. அங்கே தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துவதால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

குழப்பம் இதுதான். போன மாதம் புதுச்சேரியில் எனக்கு 5 மிமீ தடிமன் சூட் கொடுத்தார்கள். "இதைப் போட்டால் குளிரே தெரியாது மேடம்" என்றார்கள். 20 நிமிடம் தாண்டவில்லை, மூச்சுவிடும் ரெகுலேட்டரைக் கடித்திருந்த பல் கிடுகிடுவென்று ஆடியது. கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரில் தண்ணீர் 26 டிகிரி. கூட வந்த தோழி 3 மிமீ போட்டுக்கொண்டு ஜம்மென்று சுற்றிவிட்டு வந்தாள். இத்தனைக்கும் அவள் என்னைவிட ஒல்லி.

அப்படியென்றால் எனக்கு 7 மிமீதான் சரியா? உயரம் 158 செமீ, எடை 66 கிலோ, மார்பு 96, இடுப்பு 80, டெய்லர் பாஷையில் சீட் 106. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரப்பர் மச்சான் எழுதியது:

7 மிமீ போட்டுக்கொண்டு பாலி போனால் மோலா மோலா உங்களைத்தான் வேடிக்கை பார்க்கும். அது கிடக்கட்டும், குளிர் முதலில் எங்கே ஏறியது? கை காலிலா, நெஞ்சிலா, முதுகிலா?

ஈரக்கால் எழுதியது:

முதுகில். இடுப்புக்கு மேலே வளையும் இடத்தில். தலையை நிமிர்த்தி டைவ் மாஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு சட்டைக்குள் ஊற்றுவது போல இருந்தது. அது ஆண்களுக்கான எம் சைஸ். வேறு இல்லை என்றார்கள்.

பழைய துடுப்பு எழுதியது:

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அம்மா. அந்தச் சொம்புத் தண்ணீர்தான் காரணம். தடிமன் இல்லை.

வெட்சூட் தண்ணீரைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தடுக்காது, பேரிலேயே ஈரம் இருக்கிறது. இன்னொரு கூட்டம், உள்ளே புகுந்த தண்ணீர் சூடாகி அதுதான் நம்மைக் காக்கிறது என்று சொல்லும். டைவ் சென்டர்களிலேயே இப்படிச் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருக்கிறேன். அதுவும் அரைகுறை. உடம்பின் வெப்பத்தைக் காப்பது ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் குட்டிக் குட்டி வாயுக் குமிழ்கள். 1951-ல் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளருக்கு உறைத்த விஷயமே இதுதான்: ஆள் காய்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை, உடுத்தியிருக்கும் பொருளுக்குள் வாயு சிக்கியிருந்தால் போதும். உள்ளே புகுந்த தண்ணீர் நமக்கு உதவி செய்வதில்லை. அது உபத்திரவம் செய்யாமல் இருக்க வேண்டுமானால் மெல்லிய படலமாக, இடம் மாறாமல் இருக்க வேண்டும். அவ்வளவே.

உங்கள் முதுகு வளைவில் சூட் ஒட்டாமல் கூடாரம் மாதிரி நின்றிருக்கிறது. நீங்கள் குனிந்தால் கூடாரம் அமுங்கித் தண்ணீர் கழுத்து வழியாக வெளியே போகும். நிமிர்ந்தால் புதுத் தண்ணீர் உள்ளே வரும். பம்பு செட் வைத்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் அந்தப் புதுத் தண்ணீரை உங்கள் உடம்புதான் சூடாக்கித் தர வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 26 டிகிரி தண்ணீரும் தோலைவிடக் குளிர்ச்சிதானே. 5 மிமீ என்ன, இந்தக் கூடாரத்தோடு 10 மிமீ போட்டாலும் பல் ஆடும். உங்கள் தோழியின் 3 மிமீ தோலோடு தோலாக இருந்திருக்கும், அதனால் தப்பித்தாள்.

ஆண் சைஸ் உங்கள் அளவுக்கு எப்படிப் பொருந்தும்? இடுப்பு 80, சீட் 106. வித்தியாசம் 26. ஆண்களின் சூட் மேலிருந்து கீழே கிட்டத்தட்ட நேர்க்கோடு. சீட்டுக்காகப் பெரிது எடுத்தால் இடுப்பு தொளதொளக்கும். வேறு வழியே இல்லை.

சிங்கைத் தவளை எழுதியது:

அக்கா, என் அளவும் கிட்டத்தட்ட உங்கள் அளவுதான். நான் தியோமான் தீவுக்கு அடிக்கடிப் போகிறவள், அங்கே தண்ணீர் 28, 29 இருக்கும், 3 மிமீயே தாராளம். ஆனால் நூசா பெனிடாவுக்குப் போன வருடம் போனேன். படகில் வெயில் மண்டையைப் பிளந்தது. 15 மீட்டர் வரை சுகமான தண்ணீர். அதற்குக் கீழே கண்ணாடியில் எண்ணெய் தடவின மாதிரி தண்ணீர் மங்கலாக நெளிந்தது. அதுதான் தெர்மோக்ளைன், சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கும் எல்லை. அதற்குள் கையை நீட்டியதும் விரல் நுனி சுருக்கென்றது. கம்ப்யூட்டர் 27-லிருந்து 20-க்கு இறங்கிவிட்டது. ஜூலை முதல் அக்டோபர் வரை அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வருவதால்தான் மோலாவும் மேலே வருகிறது. குளிர் இல்லாவிட்டால் மீனும் இல்லை.

நான் சொல்ல வந்தது சைஸ் பற்றி. இணையத்தில் அளவுப் பட்டியலைப் பார்த்து வாங்கி ஒரு தடவை ஏமாந்தேன். அந்தப் பட்டியல்கள் ஐந்தரை அடிக்கு மேலான வெள்ளைக்காரப் பெண்களை மனத்தில் வைத்துப் போட்டவை. மார்பு, சீட் எல்லாம் பொருந்தியது. உடம்பின் நீளம் மட்டும் பொருந்தவில்லை. கவட்டையில் மூன்று விரல் துணி மிச்சம், முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். சில கம்பெனிகள் குட்டை உருவத்துக்கென்று அதே சைஸில் தனி வெட்டு வைத்திருக்கின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

திருமலை நண்டு எழுதியது:

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். மேலே கதைத்தது எல்லாம் தளர்வான சூட்டைப் பற்றி. மற்றப் பக்கத்தையும் ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ.

எங்கட பக்கம் ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை கடல் நல்லாக இருக்கும். புறாத்தீவுக்குப் படகில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறது என் வேலை. போன சீசனில் ஒரு பெடியன், புத்தம் புது சூட், ஒரு சைஸ் சின்னது. "இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று வாசித்தேன் அண்ணை" என்றான். படகில் ஏறிப் பத்து நிமிடத்தில் முகம் வெளிறி, தலை சுற்றுகிறது என்று குந்திவிட்டான். எல்லோரும் கடல் மயக்கம் என்று இஞ்சி இனிப்புக் கொடுக்கிறார்கள். நான் முதுகு ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் ஆள் சரி.

கழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற நாடியில் சூட் அமத்தினால், இரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று உடம்பு பிழையாக விளங்கி, இதயத் துடிப்பைக் குறைக்கும். கரையில் என்றால் தலைச்சுற்று. தண்ணீருக்குக் கீழே என்றால் விளையாட்டில்லை. கழுத்துக்குள் ஒரு விரல் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் போக வேண்டும். இரண்டு விரல் லேசாகப் போனால் தளர்வு. ஒரு விரலும் போகாவிட்டால் அந்த சூட் வேண்டாம். மற்றது, கடையில் நின்றுகொண்டு நெஞ்சு நிறைய மூச்சு எடுத்துப் பாருங்கோ. பாதி மூச்சில் நெஞ்சுக்கூடு முட்டினால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கோ.

புதுப்பல் எழுதியது:

போன வாரம்தான் ஓபன் வாட்டர் என்ற ஆரம்ப டைவிங் பயிற்சியை முடித்தேன். ஒரு சந்தேகம், திட்டாதீர்கள். குளிர்ந்தால் சூட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டால் சூடாகிவிடும் என்று எங்கள் பேட்சில் ஒருவர் சொன்னார். உண்மையா?

ரப்பர் மச்சான் எழுதியது:

ஒரு நிமிடம் சூடு, அப்புறம் அதுவும் குளிர்ந்த தண்ணீர்தான். தண்ணீரில் மூழ்கினாலே சிறுநீர் முட்டும். கை கால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுவதால் உடம்பு நீர் அதிகமாகிவிட்டது என்று சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடும். அது இயற்கை, வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்த சூட் என்றால் உங்கள் பாடு. வாடகை சூட் என்றால் அடுத்து போடப்போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈரக்கால் எழுதியது:

புதுச்சேரியில் என் சூட்டில் வந்த வாசனைக்கு இப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

தூத்துக்குடிச் சிப்பி எழுதியது:

எனக்கு இந்த விவாதமே கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். காலில் கல்லைக் கோத்து இறங்கி, மூச்சை அடக்கிச் சங்கு பொறுக்கிக்கொண்டு வருவார். அவருக்கு எந்தக் கம்பெனி வெட்சூட் தைத்துக் கொடுத்தது? ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் தண்ணீரில் கிடக்கிறார்கள். நம் கடலுக்கு உடம்பு பழகினால் போதும். 26 டிகிரிக்கு 5 மிமீ கேட்பது எனக்குப் புரியவில்லை.

பழைய துடுப்பு எழுதியது:

சிப்பி, உங்கள் தாத்தாவுக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் கணக்கு வேறு. அவர் ஒரு மூச்சுக்குள் மேலே வந்தாக வேண்டும். வந்ததும் வெயில், காற்று, வள்ளத்தில் கொஞ்ச நேரம். நாம் 50 நிமிடம் மேலே வராமல் கிடக்கிறோம். அதிலும் சிலிண்டர் காற்று வறண்ட காற்று, ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்கள் போட்டிருப்பது பழக்கத்தால் அல்ல, அதுதான் கையில் இருக்கிறது. விரலில் சுற்றும் துணி பாறை கிழிக்காமல் இருக்க. நல்ல கையுறை கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

இன்னொன்று, நம் கடலில் முழு நீள சூட் போடுவது குளிருக்காக மட்டுமில்லை. சொறி, அதாவது ஜெல்லி மீன், மேலே பட்டால் தெரியும்.

தூத்துக்குடிச் சிப்பி எழுதியது:

சொறி விஷயத்தில் மறுபேச்சு இல்லை. சின்ன வயதில் தொடையில் பட்டு மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கையுறை விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி 26 டிகிரிக்கு 5 மிமீ கொஞ்சம் செல்லம்தான்.

ஈரக்கால் எழுதியது:

நேற்று கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

டிரையல் ரூம் என்பது ஸ்டோர் ரூமுக்குள் ஒரு திரை. ஏசி இல்லை. முதல் சூட் பெண்களுக்கான 5 மிமீ, என் மார்பளவுக்குச் சரியான எண். தவளை தனிச்செய்தியில் சொன்னபடி காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது, மந்திரம் மாதிரி. முழங்காலுக்கு மேல்தான் வேலை. நகத்தால் இழுத்தால் ரப்பரில் பிறை பிறையாக வெட்டு விழும் என்று படித்திருந்ததால், விரல் சதையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி மேலே ஏற்றினேன். தொடை வரை வந்ததும் எழுந்து நின்று, கவட்டை சரியாக உட்காரும் வரை விடாமல் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் கையை விட்டேன். இதற்குள் வியர்வை சொட்டுகிறது. முதுகு ஜிப்பை ஏற்ற வெளியே வந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஏறியது. ஆனால் கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கவட்டை இழுக்கிறது, குத்தவைத்தால் தோள் அமுங்குகிறது. உடம்பு நீளம் போதவில்லை.

கடைக்காரர், "ஒரு சைஸ் பெரிசா எடுங்க மேடம், ஃப்ரீயா இருக்கும்" என்றார். பெரிதைப் போட்டேன். ஆஹா, என்ன சுகம். நைட்டி மாதிரி இருந்தது. குனிந்து நிமிர்ந்தேன். முதுகு வளைவில் கையை நுழைத்தால் உள்ளங்கை முழுக்கப் போகிறது. அதே கூடாரம்! அக்குளிலும் ஒரு பை மாதிரி தொங்கியது. கழற்றிவிட்டேன்.

மூன்றாவது, அதே பெரிய சைஸில் குட்டை வெட்டு. இது முன்பக்க ஜிப். போடும்போது உயிர் போனது. போட்டு முடித்ததும் சத்தம் வராத மாதிரி ஒரு அமைதி. முதுகில் ஒரு தடிப்பான பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள், வளைவுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. குத்தவைத்தேன், கையைத் தூக்கினேன், நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன், எங்கேயும் முட்டவில்லை. கழுத்தில் ஒரு விரல் சண்டை போட்டுத்தான் உள்ளே போனது. கால் மணி நேரம் கடைக்குள் அப்படியே நடந்தேன். டெலிவரிக்கு வந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

இதுதானே? இல்லை, இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா? பணம் இன்னும் கட்டவில்லை.

ரப்பர் மச்சான் எழுதியது:

தையலைப் பாருங்கள். சூட்டை உள்பக்கமாகத் திருப்பி, தையல் வரும் இடத்தை இழுத்துப் பிடித்து ட்யூப் லைட்டுக்கு நேரே காட்டுங்கள். ஊசி ஓட்டை வழியாக வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது இரண்டு பக்கமும் துளைத்துப் போட்ட தட்டைத் தையல். 3 மிமீக்கு, நம் கடலுக்கு, அது போதும். பாலிக்கு வேண்டியது துண்டுகளைப் பசையால் ஒட்டி, ரப்பரின் பாதி ஆழம் வரை மட்டும் ஊசி போகும்படி தைத்தது. அதில் வெளிச்சம் வராது, தண்ணீரும் வராது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உள்பக்கம் துணி ஒட்டாத வழவழப்பான ரப்பர் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. அது தோலில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

சிங்கைத் தவளை எழுதியது:

அக்கா, கூடவே தலையை மூடும் ஹூட் வைத்த 2 மிமீ உள்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தலை வழியாகப் பாதிச் சூடு போய்விடும் என்று சொல்வதெல்லாம் கதை. ஆனால் ஹூட் இருந்தால் கழுத்து வழி அடைபடும், அந்தச் சொம்புக்காரர் வர மாட்டார். அந்தமானில் அதைக் கழற்றி வைத்துவிடலாம். அந்த உள்சட்டையைப் போட்டுக்கொண்டே மேல்சூட்டை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், 2 மிமீயும் இடம் பிடிக்கும்.

பழைய துடுப்பு எழுதியது:

வாங்குங்கள். 7 மிமீயை மறந்துவிடுங்கள். ஆனால் மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடையை மறக்காதீர்கள். சூட்டின் ரப்பரான நியோப்ரீன் புதிதில் மிதக்கும், வாடகைக்கு விட்டு நைந்துபோன சூட்டைவிட அதிகமாகவே மிதக்கும். பாலிக்குப் போகும் முன்னால் புதுச்சேரியில் ஒரு டைவ் போட்டு எடையைச் சரிபார்த்துவிடுங்கள். கடைசியில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, 5 மீட்டரில், மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பிசிடி சட்டையின் காற்றை முழுக்க விட்டுவிட்டு நிற்க முடிகிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் பார்த்தால் ஏமாற்றிவிடும். நிறைந்த 11 லிட்டர் சிலிண்டரில் காற்றின் எடையே இரண்டரை கிலோ வாக்கில் இருக்கிறது, டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போயிருக்கும்.

ஆழத்தில் நேர்மாறு. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, குமிழ்கள் பாதி. 30 மீட்டரில் நாலு மடங்கு, குமிழ்கள் கால்வாசி. நடுவில் இருக்கும் ரப்பர் சுருங்காது என்பதால் சூட் அப்படியே கால்வாசித் தடிமனாகிவிடாது, ஆனாலும் மெலிந்துவிடும். மேலே மிதந்தவர் கீழே ஈயக்குண்டு. நூசா பெனிடாவில் நீரோட்டம் கீழ்நோக்கியும் இழுக்கும். தேவைக்கு மேல் ஈயம் கட்டிக்கொண்டு அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஈரக்கால் எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டேன்! ஐந்து டைவ். புதுச்சேரியில் பார்த்தபோது 6 கிலோ சரியாக வந்தது, உள்சட்டையோடு 7. நூசா பெனிடாவின் கிரிஸ்டல் பேயில் 24 மீட்டரில் கம்ப்யூட்டர் 19 காட்டியது. விரலும் கன்னமும் விறைத்தன. முதுகு? ஒன்றுமே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், வேண்டுமென்றே பல தடவை நிமிர்ந்து பார்த்தேன். சொம்பு வரவில்லை. வாடகை சூட்டில் இருந்த வீட்டுக்காரர் 30 நிமிடத்தில், மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கிவிட்டார், அவருடன் நானும் மேலே வர வேண்டியதாயிற்று. மேலே வந்தபின், எங்களுக்கு அடுத்து இறங்கிய குழு மோலாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவரிடம் இன்னும் இதைப் பற்றிப் பேச முடியவில்லை.

ஒரே குறை, பின்கழுத்தில் தோல் உரசிச் சிவந்துவிட்டது. வாசலின் தடவலாமா? இன்னொன்று, துவைத்துப் போட்டால் காய இரண்டு நாள் ஆகிறது. மொட்டை மாடிக் கொடியில் போடலாமா?

ரப்பர் மச்சான் எழுதியது:

வாசலின் வேண்டாம், பெட்ரோலியச் சரக்கு நியோப்ரீனைக் கெடுக்கும். தண்ணீரில் கரையும் ஜெல் ஏதாவது தடவுங்கள், அல்லது கழுத்து உயரமான லைக்ரா பனியனை உள்ளே போடுங்கள். மொட்டை மாடி கூடவே கூடாது. சென்னை வெயிலில் ரப்பர் வறண்டு வெடித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தடியான ஹேங்கரில் நிழலில் மாட்டி ஃபேனைப் போட்டுவிடுங்கள். உள்பக்கம் காய்ந்ததும் நேராகத் திருப்பி மாட்டுங்கள். மடித்து வைக்காதீர்கள், மடிப்பு விழுந்த இடத்தில் குமிழ்கள் செத்துவிடும்.

ஈரக்கால் எழுதியது:

அப்படியே செய்தேன். குளியலறைக் கதவில் மாட்டி, கை கால் எல்லாம் நீட்டி, ஃபேனையும் போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த அத்தை, கறுப்பாக ஒருத்தன் கையை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான் என்று போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் கையில் தடியோடு மேலே வந்துவிட்டார். இப்போது அது காய்வது எங்கள் படுக்கையறையில்.